எட்டாம் அட்டவணையில் இருக்கும் பிள்ளைகள்

2023 ஜூனில் ஓய்வு பெற்றேன். ஆனாலும் காலையில் காபியோடு உட்கார்ந்தால் கை தானாகப் போய் யாராவது ஒரு பழைய மாணவரின் பெயரைத் தேடுகிறது. இப்போது எந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை, கடைசியாக எப்போது கட்டுரை வந்தது என்று. இருபத்தொரு வருடப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "யுனிவர்சிட்டியில அக்கவுண்ட்ஸ்" என்று சொல்லி முடித்துவிடுவேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் இப்போது அண்ணன் மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்காவில் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கிறாள். "அத்தை, டிரெயினிங் கிராண்ட்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அது எனக்குக் கிடைக்குமா?" என்று ஃபோனில் கேட்டாள். சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஃபோனை வைத்த பிறகு, சொன்னதைவிட விட்டதுதான் அதிகம் என்று பட்டது. அதனால்தான் இது.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி என்.ஐ.எச். என்ற தேசிய சுகாதார நிறுவனங்கள் வழியாகப் போகிறது. அதற்குள் புற்றுநோய்க்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று 27 நிறுவனங்களும் மையங்களும் இருக்கின்றன. காற்று, தண்ணீர், மண், பூச்சிமருந்து, வேலை செய்யும் இடத்துத் தூசி, இவற்றால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது என்.ஐ.இ.எச்.எஸ்., அதாவது தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம். 1966இல் தொடங்கியது. மற்ற நிறுவனங்களின் தலைமையகங்கள் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பக்கம் இருக்க, இது ஒன்று மட்டும் வட கரோலினாவில், ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கின் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. நான் வேலை பார்த்தது அங்கே இல்லை. அங்கிருந்து பணம் வாங்கும் ஒரு பல்கலைக்கழகத் துறையில்.

1997இல் கணவரோடு இங்கே வந்தேன். ஹெச்4 விசா. அப்போதெல்லாம் அந்த விசாவில் வந்த மனைவி வேலை பார்க்கவே கூடாது. கும்பகோணத்தில் பி.காம். படித்து, ஒரு கூட்டுறவு சங்கத்தில் நான்கு வருடம் சிட்டாவும் பேரேடும் எழுதியவள், இங்கே நூலகத்தில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கினேன். 2002இல் க்ரீன் கார்டு வந்தது. அடுத்த மாதமே தற்காலிக ஆளாகத் துறையில் சேர்ந்தேன். நேர்முகத்தில் மேலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாசக் கடைசியில் கணக்கு 11 டாலர் இடித்தால் என்ன செய்வாய்?" கிடைக்கும் வரை வீட்டுக்குப் போகமாட்டேன் என்றேன். அப்பா அப்படித்தான் இருந்தார், அதைத்தான் சொன்னேன்.

சரி, டிரெயினிங் கிராண்ட். எங்கள் பாஷையில் டி32. சாதாரண ஆராய்ச்சி நிதி ஒரு கேள்விக்குக் கொடுக்கப்படுகிறது: இந்த ரசாயனம் நுரையீரலை என்ன செய்கிறது, கண்டுபிடி. டி32 ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆறு பி.எச்டி. மாணவர்கள், இரண்டு போஸ்ட்டாக் (பி.எச்டி. முடித்த பிறகும் பயிற்சியில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள்), ஐந்து வருடம், இவர்களை வளர்த்துக் கொடு என்று. 1974இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் நடப்பது. 2002இல் அதற்கு ரூத் கெர்ஷ்டைன் பெயரைச் சூட்டினார்கள். போலியோ தடுப்பு மருந்தின் பாதுகாப்பைச் சோதிப்பதில் பெயர் பெற்றவர், என்.ஐ.எச். நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண். நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே எல்லாப் படிவத்திலும் அந்தப் பெயர் ஏறியது. அவர் யார் என்று தேடிப் படித்த பிறகு, அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும்.

பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்துக்கு இந்தக் கிராண்ட் பெரிய செல்லப்பிள்ளை இல்லை. மற்ற ஆராய்ச்சி நிதிகளில் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று பாதிக்கு மேல்கூட சேர்த்து வாங்கலாம். டி32இல் வெறும் 8 சதவீதம். வேலை மட்டும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு ஆளுக்கும் நியமனப் படிவம், அது ஏறினால்தான் பணம். முடிந்தால் முடிவுப் படிவம். ஆராய்ச்சி நெறி வகுப்பு குறைந்தது எட்டு மணி நேரம், நேரில் உட்கார்ந்து. எல்லாம் சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாத வேலை. ஒன்று தப்பினால் 24 வயதுப் பிள்ளை ஒருத்திக்கு அந்த மாதம் வாடகை கட்டப் பணம் வராது. இதை நான் ஒருநாளும் வெறும் காகித வேலையாக நினைத்ததில்லை.

ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். 2004 ஆகஸ்டில் சேர்ந்தாள். வட கரோலினாவின் கிழக்குப் பக்கம், பன்றிப் பண்ணைகள் நிறைந்த பகுதி. வீட்டில் முதல் பட்டதாரி. அவள் வீட்டில் குடிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகள் அப்படித்தான். நகராட்சிக் குழாய் என்றால் அரசு விதிப்படி சோதிப்பார்கள். வீட்டுக் கிணறு என்றால் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்று நீரில் ஆர்சனிக், அதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள்.

அந்த வருடம் பி.எச்டி. மாணவருக்கான உதவித்தொகை ஆண்டுக்கு 20,772 டாலர். மாதம் 1,731. ஒரு சென்ட்கூடப் பிடித்தம் இல்லாமல் கைக்கு வரும். ஏனென்றால் இது சம்பளம் இல்லை, இவர்கள் ஊழியரும் இல்லை. ஆனால் வரி உண்டு. யாரும் பிடிக்கமாட்டார்கள், நாமே ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும். முதல் வருடம் ஐந்து மாதத் தொகைதான் என்பதால் அவளுக்கு வரி ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துவிட்டாள். 2006 ஏப்ரலில் என் அறைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சேர்த்து 2,000 டாலருக்கு மேல். வங்கியில் இருந்தது நானூற்றுச் சொச்சம்.

"நான் படிப்பை விட்டுடறேன்" என்றாள். அழவில்லை. முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சம்பளப் பிரிவைக் கேட்டால், பிடித்தம் செய்வது எங்கள் பொறுப்பு இல்லை, வரி பற்றி ஆலோசனை சொல்லவும் எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். விதி அதுதான். ஆனால் அந்த விதியை அவளிடம் யார் சொன்னது? சேர்ந்த அன்று அவள் கையில் கொடுத்த பதினான்கு பக்கத்தில் ஒன்பதாம் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. அந்தப் பதினான்கு பக்கத்தையும் பின் அடித்துக் கொடுத்தது நான். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து காட்டாதது என் தப்பு. அன்று மதியம் அவளை அழைத்துக்கொண்டு மாணவர் அவசரக் கடன் அலுவலகத்துக்கு நடந்து போனேன். பாதி அங்கே கிடைத்தது. மீதிக்கு வரித்துறையிடம் தவணை கேட்கும் படிவத்தை என் மேசையிலேயே உட்கார்ந்து நிரப்பினோம்.

அதற்கு அடுத்த ஆகஸ்டிலிருந்து, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். முதல் உதவித்தொகை வந்த அன்றே தனிக் கணக்கு ஒன்று திற, மாதம் 200 டாலர் அதில் போடு, அது உன் பணம் இல்லை. இந்த நான்கு தேதியைக் காலண்டரில் எழுது, நான் பார்க்கிறேன், எழுது. வரி ஆலோசனை சொல்ல எனக்கும் அனுமதி இல்லைதான். தேதி சொல்ல அனுமதி தேவையில்லை.

போஸ்ட்டாக்குகளிடம் பேசுவது வேறு. அவர்கள் முதல் 12 மாதம் வாங்கும் உதவித்தொகைக்குக் கடப்பாடு உண்டு: ஒரு மாதம் வாங்கினால் ஒரு மாதம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்து ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் வட்டியோடு திருப்ப வேண்டும். இரண்டாம் வருடமும் தொடர்ந்தால் அதுவே முதல் வருடத்தை ஈடுகட்டிவிடும். பி.எச்டி. மாணவர்களுக்கு இந்தக் கடப்பாடு 1993இலேயே போய்விட்டது. ஏழாம் மாதத்தில் ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு பையன் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பினான். ஏழு மாதத்தையும் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் பாடம் நடத்திக் கழித்தான். ஈடுகட்டியதைக் காட்டும் படிவத்தை ஒவ்வொரு வருடமும் அனுப்பு என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தேன்.

இனி அண்ணன் மகளின் கேள்வி. பதில், இல்லை. டி32இல் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அல்லது க்ரீன் கார்டு வேண்டும். க்ரீன் கார்டு என்றால் நோட்டரி முத்திரையோடு ஒரு சான்று வைக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வரிசையில் இடம் இல்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் கனத்த பகுதி இதுதான். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். அறைக்கு வெளியே இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து, தமிழ் என்று தெரிந்துகொண்டு வருவார்கள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், முதலில் "மேடம்", இரண்டாவது வாக்கியத்தில் "அக்கா". டீசல் புகைத் துகள்கள் பற்றிய அவன் கட்டுரையை எங்கள் இயக்குநரே வகுப்பில் எடுத்துக்காட்டியிருந்தார். "எனக்கும் அந்த லிஸ்ட்ல இருக்குறவங்களுக்கும் என்னக்கா வித்தியாசம்?" என்று கேட்டான். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். ஐந்து வருடம் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தவளுக்கு அந்தக் கேள்வி புரியாமல் இல்லை. ஆனால் என் ஆறுதல் அவனுக்குச் சோறு போடாது. அதனால் ஒரு தாளை எடுத்து, அவனால் வாங்க முடிந்தவற்றை எழுதினேன். பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வரும் உதவியாளர் பணி. துறையின் சொந்தப் பணம். தனியார் அறக்கட்டளைகள். அப்புறம் போஸ்ட்டாக் ஆனதும் கே99 என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் தனி ஆய்வகம் தொடங்கும் வரை கூடவே வரும் விருது, அதற்குக் குடியுரிமை தேவையில்லை. அந்த ஒன்றைத் தாளில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

டி32 மாணவர்களின் கூட்டங்கள், பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் விசா மாணவர்களையும் அழைக்க வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன். உதவித்தொகைதான் தடை, நாற்காலிக்கு என்ன தடை? அவர் உடனே ஒப்புக்கொண்டார். அது இன்றைக்கும் நடக்கிறது.

இன்னொன்றையும் அண்ணன் மகளிடம் சொன்னேன். சுற்றுச்சூழல் சுகாதாரம் படிக்க அமெரிக்காவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பல வருடங்களாக அடுப்புப் புகையை அளந்துகொண்டிருக்கிறது. என்.ஐ.எச்.சின் ஃபோகார்ட்டி மையம் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களை அவர்கள் நாட்டிலேயே வளர்க்கக் கொடுக்கும் பயிற்சி நிதி அங்கேயும் போயிருக்கிறது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாட்டில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹேப்பின் ஆய்வின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம்தான். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. எதிர்பார்த்தது வரவில்லை என்பதை அப்படியே வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்று விறகடுப்பு முன்னால் ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கும் என் அம்மாவின் சிவந்த கண்தான் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதியவர்களை ஒரு வேனில் ஏற்றி வாரன் கவுண்டிக்குக் கூட்டிப்போவோம். எந்த விதியிலும் இல்லாத பயணம், இயக்குநரின் யோசனை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 1978இல் பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் கலந்த எண்ணெயை லாரியில் ஏற்றி, ராத்திரி ராத்திரியாக இந்த மாநிலத்தின் சாலையோரம் 240 மைல் தூரத்துக்குக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த மண்ணையெல்லாம் வாரிப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் ஆஃப்டன், ஏழைக் கறுப்பின விவசாயிகள் அதிகம் உள்ள ஊர். 1982 செப்டம்பரில் மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். குப்பைமேடு வந்தே தீர்ந்தது. ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்று இன்றைக்குச் சொல்லும் இயக்கத்தின் வேர் அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

இப்போது அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. புல்வெளி, வேலி. ஒரு வருடம் அந்த ஊர் அம்மா ஒருவர் எங்களோடு நின்று பேசினார். 1982இல் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அதிகாரியிடம் கொடுத்து, "இதை நீங்க குடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டாராம். பிள்ளைகள் எல்லோரும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்கள். கிழக்குப் பக்கத்துப் பெண் மட்டும் அவரிடம் போய், கிணறு எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, இப்போது யார் குடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேன் அவளுக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தது.

அவள் 2010இல் முடித்தாள். ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. அப்புறம் தொடர்பு அறுந்துபோனது.

கிராண்டைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் போட வேண்டும். நான் இருந்தபோது அதோடு வைத்த எட்டு அட்டவணைகளில் கடைசிதான் முக்கியம். கடந்த 15 வருடத்தில் நம்மிடம் பயிற்சி பெற்ற ஒவ்வொருவரின் பெயர், சேர்ந்த மாதம், ஆய்வுத் தலைப்பு, பட்டம், முதல் வேலை, இப்போதைய வேலை. யாரையும் விடக்கூடாது. 2018 புதுப்பிப்பில் எனக்கு ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவளுடையது. மின்னஞ்சல் திரும்பி வந்தது. லிங்க்ட்இனில் இல்லை. பழைய ஆய்வகத்தில் "போய்ப் பல வருஷம் ஆச்சு" என்றார்கள். கடைசியில் 2004இல் அவள் கைப்பட எழுதிக் கொடுத்த அவசரத் தொடர்பு அட்டையைத் தேடி எடுத்தேன். அம்மாவின் லேண்ட்லைன் எண் இருந்தது. அடித்தேன். எடுத்தார்.

ஊருக்கே திரும்பியிருந்தாள். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் வேதியியல் ஆசிரியர். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்க் கிணற்று நீர் மாதிரி எடுத்து, மாநில ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்ததும் திரும்பப் போய் அவர்களுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டுகிறாள்.

விண்ணப்பக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் அந்த வரியைச் சுட்டி, "இது நமக்குப் பலவீனம். ஆராய்ச்சி இல்லையே" என்றார். பதினாறு வருடத்தில் அந்தக் கூட்டங்களில் கேட்ட கணக்குக்குப் பதில் சொன்னதைத் தவிர நான் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். எந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாத வீடுகளுக்கு அதைத் தெரியவைக்கத்தானே இந்தப் பணம் வந்தது, அவள் அதைச் சனிக்கிழமை சனிக்கிழமை செய்துகொண்டிருக்கிறாள் என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. இயக்குநர் ஒன்றும் சொல்லாமல் அட்டவணைக்கு முன்னால் வரும் விவரணையில் அவளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். மதிப்பீட்டாளர்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கிராண்ட் புதுப்பிக்கப்பட்டது.

அவள் சேர்ந்து 2019இல் 15 வருடம் முடிந்துவிட்டது. அவள் பெயர் இனி எந்த அட்டவணையிலும் வராது, யாரும் அவளைத் தேட வேண்டியதும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று கோப்புகளை எல்லாம் புதிதாக வந்தவரிடம் ஒப்படைத்தேன். அந்த எண்ணை மட்டும் என் ஃபோனில் ஏற்றிக்கொண்டேன்.

போன வாரம் அடித்தேன். அம்மாதான் எடுத்தார். "இன்னைக்குச் சனிக்கிழமை ஆச்சே, தண்ணி எடுக்கப் போயிருக்கா. மதியத்துக்கு மேல கூப்பிடு" என்றார்.